பனிக்காட்டில் ஃபேட் பைக்: சுப்பீரியர் ஏரிக்கரைக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மிச்சிகன் மாநிலத்தின் மேல் தீபகற்பத்தில், சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் இருக்கிறது மார்க்கெட் நகரம். (சந்தைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இந்த ஏரிப் பக்கமெல்லாம் சுற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் ழாக் மார்க்கெட்டின் பெயர் அது.) சுமார் 20,000 பேர் வாழும் ஊர். இரும்புச் சுரங்கத்தால் வளர்ந்தது. குளிர்காலம் வந்தால் ஊரைச் சுற்றியுள்ள காட்டில் பனிச்சறுக்குப் பாதைகளோடு சைக்கிள் பாதைகளும் திறந்துவிடும். நான் ஆறு குளிர்காலமாக இங்கே ஓட்டுகிறேன். நான்கு குளிர்காலமாகப் பாதை போடும் தன்னார்வலர்களோடும் சேர்ந்து வேலை செய்கிறேன். காட்டு வாசலில் காரிலிருந்து சைக்கிளை இறக்கும்போதும், ஊரிலிருந்து ஃபோனில் பேசும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பனியில் சைக்கிள் ஓட்ட முடியுமா? சக்கரம் புதைந்துவிடாதா?

சாதாரண சைக்கிள் புதையும். ஃபேட் பைக்கின் டயர் 3.8 அங்குலத்திலிருந்து 5 அங்குலம் வரை அகலம். அதைத் தாங்கும் ரிம்மும் 65 முதல் 100 மில்லிமீட்டர் வரை இருக்கும். அகலம் மட்டும் போதாது, உள்ளே காற்று மிகக் குறைவாக இருக்க வேண்டும். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 95 கிலோ, அதாவது 210 பவுண்டு என்று வையுங்கள். டயரில் 30 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம்) காற்று இருந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 7 சதுர அங்குலம்தான். 5 பிஎஸ்ஐக்கு இறக்கினால் 42 சதுர அங்குலம் ஆகிவிடும். டயர்ச் சுவரின் விறைப்பால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், ஆனால் கணக்கு இதுதான். அதே எடை ஆறு மடங்கு பரப்பில் பரவுவதால் சக்கரம் பனியின் மேலேயே மிதக்கிறது.

இருந்தாலும், புதிதாக விழுந்த முழங்கால் அளவு பனியில் எந்த ஃபேட் பைக்கும் போகாது. அமுக்கி இறுக வைத்த பாதை வேண்டும்.

என்னிடம் நல்ல மவுண்டன் பைக் இருக்கிறது. டயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா?

முடியாது. ஃபிரேமிலும் முன் ஃபோர்க்கிலும் அவ்வளவு அகல டயர் நுழைய இடமே இருக்காது. முதல் வருடம் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். இந்தப் பக்கத்து சைக்கிள் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். பிடித்துவிட்டது என்றால், சீசன் முடிந்து வசந்தத்தில் பழைய வண்டிகள் விலைக்கு வரும். அப்போது பாருங்கள்.

எத்தனை பிஎஸ்ஐ வைக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் பாதி ஓட்டம் கைக்கு வந்துவிடும்.

இறுகிய பாதையில் 6 முதல் 8. கொஞ்சம் இளகிய பனியில் 4 அல்லது 5. புதுப்பனி ஓரிரு அங்குலம் மேலே கிடந்தால் 3க்கும் இறங்குபவர்கள் உண்டு. இந்த அளவில் 1 பிஎஸ்ஐ கூட்டினாலும் குறைத்தாலும் வித்தியாசம் கைப்பிடியிலேயே தெரியும். கார் டயருக்கான மானி இங்கே உதவாது. 0 முதல் 15 வரை மட்டும் காட்டும் சிறிய மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் காற்று அடித்துக்கொண்டு வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். குளிரில் காற்று சுருங்கும். 20 டிகிரி செல்சியஸ் இருக்கும் அறையில் 8 பிஎஸ்ஐ அடித்தீர்கள், வெளியே மைனஸ் 15 என்றால், கொஞ்ச நேரத்தில் அது 5.3 ஆகிவிடும். எங்கும் ஓட்டை இல்லை, பஞ்சரும் இல்லை. அதனால் வண்டியை வெளியே கால் மணி நேரம் நிறுத்திவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள்.

மானி இல்லாவிட்டால் நான் செய்வது இதுதான்: சீட்டில் உட்கார்ந்து கீழே பின் டயரைப் பார்ப்பேன். தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று மேலே டயர்ச் சுவரில் இரண்டு மூன்று சின்னச் சுருக்கம் விழ வேண்டும், அப்பளம் நமுத்தால் விழுவது போல. சுருக்கமே இல்லையென்றால் காற்று அதிகம். சுருக்கம் மடிப்பாகிவிட்டால் குறைவு. அப்புறம் பத்தடி ஓட்டிவிட்டு இறங்கி, பனியில் பதிந்த தடத்தைப் பார்ப்பேன். டயரின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, முறுக்குப் பிடியில் பிழிந்த மாதிரி தெளிவாக விழுந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் ஆழமாகக் கோடு போயிருந்தால் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

இந்தப் பாதையை யார் போடுகிறார்கள்? நகராட்சியா?

இல்லை. இங்கே நோக்மனான் டிரெயில் நெட்வொர்க் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது. பனிச்சறுக்குப் பாதைகளையும், நகரின் தெற்குக் காட்டில் போகும் பனி சைக்கிள் பாதையையும் அதுதான் பராமரிக்கிறது. பக்கத்து ஊரான இஷ்பெமிங், நெகானி பகுதியில் ராம்பா என்ற அமைப்பு. இரண்டுக்கும் பணம், பாதையில் போக வாங்கும் பாஸ், நன்கொடை மூலம் வருகிறது. உடலுழைப்பில் பெரும்பங்கு ஊர்க்காரர்களுடையது.

பாதை போடுவது எப்படி என்று ஒருமுறை பார்த்துவிட்டால் அதன்மேல் ஓட்டும் விதமே மாறிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இங்கே பனி கொட்டுவதற்குக் காரணம் ஏரி. வடமேற்கிலிருந்து வரும் உறைகுளிர்க் காற்று, இன்னும் உறையாத சுப்பீரியர் ஏரியின் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரையேறி மேட்டில் மோதி, பனியாகக் கொட்டும். நெகானி மேட்டில் உள்ள தேசிய வானிலை நிலையத்தில் ஆண்டு சராசரி சுமார் 200 அங்குலம். ஐந்து மீட்டர். ஒரே இரவில் ஓர் அடி விழுவது புதிதல்ல. விழுந்தால் பாதை காணாமல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து.

பனி நின்றதும் குழுவில் செய்தி வரும். பெரும்பாலும் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு. ஸ்னோமொபில் என்ற பனியில் ஓடும் மோட்டார் வண்டியின் பின்னால் கனமான இழுவைத் தட்டைக் கட்டி ஒருவர் ஓட்டிக்கொண்டு போவார். அது பனியைக் கிளறி, உடைத்து, சமன் செய்து, அமுக்கிக்கொண்டே போகும். பாதையின் அகலம் இரண்டு மூன்று அடிதான். செங்குத்தான திருப்பங்களில் இயந்திரம் வழுக்கும், அங்கே நாங்கள் பூட்ஸுக்கு அடியில் ஸ்னோஷூ என்ற அகலத் தட்டு மாட்டிக்கொண்டு காலால் மிதிக்க வேண்டும். பக்கம் பக்கமாக நின்று, வலது இடது, வலது இடது. களத்துமேட்டில் மண்ணை மிதித்து இறுக்குவது போலத்தான். பாதை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுநாள் ஓட்டுபவர்கள் எல்லாரும் அந்தப் பக்கமே சறுக்குவார்கள். ஆகவே தலைவிளக்கைக் குனிந்து பிடித்துப் பார்த்துப் பார்த்து மிதிப்போம்.

அதோடு முடியாது. பாதை உறங்க வேண்டும். புதுப்பனியின் நட்சத்திரக் கைகளெல்லாம் உடைந்து சிறு துகள்களாகிக் கிடக்கும். அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில் நீராவி படிந்து படிந்து மெல்லிய கழுத்துகள் உருவாகும், துகள்கள் ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பல மணி நேரம் ஆகும், காற்றும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குக் கையால் அள்ளினால் சர்க்கரை போல உதிர்ந்த அதே பனி, காலை ஏழு மணிக்குக் குதிகாலால் ஓங்கி மிதித்தாலும் தடம் வாங்காது. அந்தக் காலையில் முதல் ஆளாக ஓட்டினால் டயரின் சத்தம் மட்டும்தான் கேட்கும், மெல்லிசாக ஒரு கிறீச்.

பாதை மூடியிருக்கிறது என்று பலகை போட்டிருக்கிறார்கள். நான் ஒருவன் போனால் என்ன ஆகிவிடும்?

பாதை இறுகும் அந்தப் பல மணி நேரம் முடிவதற்குள் ஒரு சக்கரம் போனால் நடுவில் ஒரு பள்ளக்கோடு விழும். காலையில் அது அப்படியே கல்லாக உறைந்துவிடும். அப்புறம் வரும் ஒவ்வொருவரின் முன்சக்கரமும் அந்தக் கோட்டில் மாட்டிக்கொண்டு திரும்பாது. அடுத்த பனி விழும்வரை அதைச் சரிசெய்வதும் கடினம். ஓர் ஆளின் அவசரத்துக்கு நூறு பேர் விழுவார்கள்.

திறந்திருக்கும் பாதைக்கும் ஒரு விதி உண்டு. பனி சைக்கிள் ஓட்டும் எல்லா ஊர்களிலும் இதைச் சொல்வார்கள்: உங்கள் டயர் ஓர் அங்குலத்துக்கு மேல் பதிந்தாலோ, நேர்கோட்டில் ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ, திரும்பிவிடுங்கள். வெயில் ஏறிய மதியங்களில் இது அடிக்கடி நடக்கும். இறங்கித் தள்ளுவதும் தீர்வல்ல, பூட்ஸ் போடும் குழி டயரைவிட மோசம். நடந்தே ஆக வேண்டும் என்றால் பாதையின் ஓரத்தில் நடங்கள்.

பனிச்சறுக்குப் பாதையில் ஓட்டலாமா?

அனுமதி என்று எழுதியிருந்தால் மட்டும். எழுதியிருக்கவில்லை என்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதி உள்ள இடத்திலும், இரட்டைக் கோடாக வெட்டியிருக்கும் கிளாசிக் தடத்தின்மேல் சக்கரம் படக்கூடாது. எதிரில் சறுக்கி வருபவருக்கு எப்போதும் நீங்கள்தான் ஒதுங்க வேண்டும். உங்களுக்கு பிரேக் இருக்கிறது, அவருக்கு இல்லை.

நாய்வண்டி, அதாவது நாய்கள் இழுக்கும் பனிவண்டி, வந்தால் பாதையை விட்டே இறங்கி, சைக்கிளைப் படுக்க வைத்துவிட்டு நில்லுங்கள். ஓடும் நாய்களுக்கு நிற்கும் சைக்கிள் புதிதாகத் தெரியும், மிரண்டுவிடும்.

மைனஸ் 15 டிகிரியில் உடம்பு தாங்குமா? என்ன உடுத்துவது?

தாங்கும். குளிரைவிட வியர்வைதான் ஆபத்து. கிளம்பும்போது கதகதப்பாக இருந்தால் அதிகம் உடுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் பத்து நிமிடம் லேசாக நடுங்க வேண்டும், முதல் மேடு ஏறியதும் சரியாகிவிடும். பருத்தி வேண்டவே வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்றதும் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் மெல்லிய ஒன்று, வெளியே காற்றைத் தடுக்கும் ஒன்று. பையில் ஒரு தடித்த கோட்டு, அது ஓட்டுவதற்கு அல்ல, நின்றுவிட்டால் போட்டுக்கொள்ள.

கைக்கு: ஹேண்டில்பாரிலேயே மாட்டிவிடும் பெரிய உறைகள் உண்டு, போகி என்பார்கள். அதற்குள் மெல்லிய கையுறையே போதும். நான் முதல் வருடம் இவை இல்லாமல், விலையுயர்ந்த கையுறைகளாக வாங்கி வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் வருடம் போகி மாட்டிய அன்றே அந்தத் தேடல் முடிந்தது.

காலுக்கு: தட்டையான பெடல், ஒரு சைஸ் பெரிய பனி பூட்ஸ். விரல்கள் உள்ளே அசைய இடம் வேண்டும். இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல் மரத்துவிடும்.

காற்றையும் கணக்கில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 15 மைல் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 28 மாதிரி. மூடாத தோல் அரை மணி நேரத்தில் உறைய ஆரம்பிக்கும். இறக்கத்தில் நீங்கள் போகும் வேகமே ஒரு காற்று. கூட வருபவரின் கன்னத்தையும் மூக்கு நுனியையும் அவ்வப்போது பாருங்கள், வெளுத்த திட்டு தெரிந்தால் உடனே சொல்லுங்கள். அது அவருக்கே தெரியாது.

தண்ணீர் உறைந்துவிடுகிறது, ஃபோன் அணைந்துவிடுகிறது. வேறென்ன நின்றுபோகும்?

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேற்புறத்தில்தான் முதலில் கட்டும், மூடிப்பக்கம் திறந்தே இருக்கும். முதுகுப்பைக் குழாய் வேண்டாம், பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். ஃப்ளாஸ்க்கில் சூடாக எடுத்து வருவதே நல்லது. ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள்.

வண்டியில் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்தான் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம். உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் கெட்டியானால், பிடித்துக்கொள்ள வேண்டிய சின்னப் பற்கள் ஒட்டிக்கொண்டு எழும்பாது. பெடல் சும்மா சுற்றும், வண்டி நகராது. காட்டுக்குள் ஐந்து மைல் தள்ளி இது நடந்தால் நடைதான். சீசனுக்கு முன்பே கடையில் கொடுத்து, குளிருக்கான மெல்லிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் பனி ஒட்டிய வண்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, உருகிய ஈரம் காயாமலே மறுநாள் வெளியே எடுத்தால் கேபிளுக்குள் போன நீர் உறைந்துவிடும். ஒன்று முழுதாகக் காயவிடுங்கள், இல்லையென்றால் வெளியே குளிரிலேயே விட்டுவிடுங்கள்.

ஆணி வைத்த டயர் தேவையா?

அமுக்கிய பனியில் தேவையில்லை. உருகி மறுபடி உறைந்த ஐஸ் இருந்தால் கட்டாயம். இங்கே மார்ச் மாதக் காலைகளில் அது உண்டு. ஒரே ஒரு டயருக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முன்சக்கரத்தில் போடுங்கள்.

உறைந்த ஏரியின்மேல் ஓட்டலாமா?

சுப்பீரியர் ஏரியில் வேண்டாம். காற்று திசை மாறினால் கரையோர ஐஸ் மொத்தமாகப் பிரிந்து மிதந்து போய்விடும். காட்டுக்குள் இருக்கும் சின்ன ஏரிகளில், தெளிந்த புது ஐஸ் குறைந்தது 4 அங்குலம் இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது பொது வழக்கு. ஓடை வந்து சேரும் இடத்தில் அதையும் நம்ப முடியாது. மீன்பிடிக்கத் துளை போட்டு உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இந்த விளையாட்டு எங்கே தொடங்கியது?

அலாஸ்காவில். 1987இல் இடிடராட் நாய்வண்டிப் பாதையில் இடிடாபைக் என்று 200 மைல் சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். அன்றைய மெல்லிய டயர்களோடு போனவர்கள் ஓட்டியதைவிடத் தள்ளியதே அதிகம். அந்தத் தொல்லையிலிருந்துதான் எல்லாம் பிறந்தது. சிலர் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரின் சைமன் ரேகோவர் 44 மில்லிமீட்டர் அகல ரிம் செய்தார். தெற்கே பாலைவன மணலில் ஓட்ட ரே மொலினா இன்னும் அகலமாகச் செய்தார். பனியும் மணலும் ஒரே மருந்தைக் கேட்டன. மினசோட்டாவின் சர்லி நிறுவனம் 2005இல் பக்ஸ்லி என்ற வண்டியை விட்டது. அதன்பிறகுதான் சாதாரண ஆட்களும் கடையில் போய் வாங்க முடிந்தது.

நிகழ்ச்சிகள் என்னென்ன? பந்தயம் ஓட்டாதவர்களுக்கு இடம் உண்டா?

நிறைய உண்டு. டிசம்பர் முதல் சனிக்கிழமை உலக ஃபேட் பைக் நாள். பல ஊர்களில் கூட்டமாக ஓட்டுவார்கள், போட்டி கிடையாது. வாரநாள் இரவுகளில் தலைவிளக்கோடு கூட்டு ஓட்டம் இருக்கும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடுவதால் வேலை முடிந்து வருபவர்களுக்கு வேறு வழியும் இல்லை. பாதி வழியில் தீ மூட்டியிருப்பார்கள். இந்த ஊர்ச் சாப்பாடான பேஸ்டியைத் தீயோரம் சூடுபடுத்தித் தருவார்கள். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் வைத்து மூடிச் சுட்ட கனமான பண்டம் அது. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்தது. கையுறையைக் கழற்றாமலே சாப்பிடலாம்.

போட்டி வேண்டும் என்பவர்களுக்கு பிப்ரவரியில் போலார் ரோல் இருக்கிறது. 906 அட்வெஞ்சர் டீம் என்ற உள்ளூர் அமைப்பு நடத்துவது. 906 என்பது மேல் தீபகற்பத்தின் தொலைபேசிக் குறியீடு. இதே அமைப்பு குழந்தைகளுக்கு சைக்கிள் கற்றுத்தரும் மன்றமும் நடத்துகிறது. பக்கத்து விஸ்கான்சினில் 2013 முதல் ஃபேட் பைக் பிர்கி, பெயர்பெற்ற பனிச்சறுக்குப் பாதையின் மேலேயே மார்ச் மாதம் நடக்கிறது. மினசோட்டாவில் ஜனவரிக் கடைசியில் ஏரோஹெட் 135: இன்டர்நேஷனல் ஃபால்ஸ் நகரில் தொடங்கி 135 மைல், 60 மணி நேர வரம்பு. உறங்கும் பை, அடுப்பு, விசில், 3,000 கலோரி உணவு எல்லாம் சுமந்துகொண்டுதான் கிளம்ப விடுவார்கள். நான் அதற்கு இன்னும் துணியவில்லை.

ஓட்டவே தெரியாதவர்களும் வரலாம். திருப்பத்தில் நின்று வழிகாட்டவும், சூப் ஊற்றவும், முடிவில் கொடிகளைப் பிடுங்கிச் சேர்க்கவும் எப்போதும் ஆள் பற்றாக்குறை. நான் முதலில் வந்ததே அப்படித்தான். இரண்டரை மணி நேரம் ஒரு திருப்பத்தில் நின்றேன். கடைசியாக வந்தவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. இமை முடியெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. நிற்காமலே எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் நான் வாடகைக்கு சைக்கிள் எடுத்தேன்.

பனி விழாவிட்டால்?

இந்தக் கேள்வியை முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை. 2023–24 குளிர்காலத்தில் கேட்க வேண்டியதாகிவிட்டது. மார்க்கெட்டில் தொடங்கும் யூபி200 நாய்வண்டிப் பந்தயம் பனி போதாமல் ரத்தானது. விஸ்கான்சினின் அமெரிக்கன் பிர்கபைனர் பனிச்சறுக்குப் பந்தயத்தைச் செயற்கைப் பனியில் 10 கிலோமீட்டர் வளையத்துக்குள் சுருக்கி நடத்தினார்கள். நாங்களும் அந்த வருடம் பாதை அமுக்கியதைவிட வானத்தைப் பார்த்ததே அதிகம். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் பாதை நிலவரத்தைப் பாருங்கள். சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். குளிர்காலச் சேற்றில் விழும் பள்ளம் கோடைவரை ஆறாது.

அப்படியானால் எந்த மாதம் வருவது?

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. பாதை அப்போதுதான் அடுக்கடுக்காக இறுகியிருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது மார்ச் கடைசி. பகலில் மேற்பனி உருகும், இரவில் உறையும். விடியும்போது காடு முழுக்க ஓர் ஓடு கட்டியிருக்கும். அன்றைக்குப் பாதையே தேவையில்லை. அனுமதி உள்ள பொதுக் காடாக இருந்தால் மரங்களுக்கு நடுவே எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம், கோடையில் கால்வைக்க முடியாத சதுப்பின்மேல்கூட நேராகப் போகலாம். ஆறு மணிக்குக் கிளம்புங்கள். பத்து மணிக்கு வெயில் பட்டதும் ஓடு உடைய ஆரம்பிக்கும், சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். ஒன்பதரைக்கெல்லாம் கார் பக்கம் வந்துவிடுங்கள்.